பழனியின் ராத்திரி

கிணறு தோண்டுகையில் வெடித்த வெடியில் பழனிக்கு இரண்டு கண்ணும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்தேவிட்டார்கள். அப்புறம் கல்வராயன் மலையில் அவருக்கென்று மிஞ்சிய வேலை, சாமைக் கொல்லையில் உட்கார்ந்து தகரம் தட்டிக் கிளி விரட்டுவதுதான். எந்தப் பக்கம் கிளி இறங்குகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

அதற்கும் தூக்கம் வினையாக வந்தது. பட்டப்பகலில் தகரத்தோடு சரிந்துவிடுவார். ராத்திரி முழுக்க முழித்துக் கிடப்பார்.

"மாமா கிளிக்கு விருந்து வெச்சுட்டுத் தூங்கறாரு," என்று மச்சினன் கலையரசன் சிரித்தான்.

பழனியும் மனைவி ராஜாம்பாளும் மாரியாத்தாளை வேண்டி, ஒருவேளைச் சோறு தின்று ஒரு மண்டலம் விரதம் இருந்தார்கள். தூக்கம் கொஞ்சங்கொஞ்சமாய் நகர்ந்தது. நாற்பத்தெட்டாம் நாள் ஊரோடு படுத்தார், கோழி கூவ எழுந்தார். ராஜாம்பாள் அழுதுகொண்டே பொங்கலிட்டாள்.

ஒரு மாசம்கூடப் போகவில்லை. கோழி கூவுகிறபோதுதான் பழனி கண்ணசந்தார்.

"விரதத்துல இன்னாவோ தப்பு பண்ணிக்கிறீங்க மாமா. ஆத்தா குடுத்தத திருப்பி எடுத்துக்கினா," என்றான் கலையரசன்.

பழனி அன்றோடு கோயில் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கிளி தின்று கொல்லை போனதைவிட ராஜாம்பாளுக்கு அதுதான் தாங்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தூக்கம் தெனமும் எவ்ளோ தள்ளிப்போவுது?"

"கால்மணி நேரம் இருக்குங்க."

"தலைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கும்மா. இருட்டுலயும் அது ஓடும். ஆனா அதோட நாளு நம்ம நாளவிடக் கொஞ்சம் நீளம். கண்ணு வழியா வெளிச்சம் போயி தெனமும் அத சரிபண்ணும். இவருக்கு அந்த வழி இல்ல. அதான் தள்ளிக்கினே போவுது. நடுவுல தானா சரியா வரும், மறுபடி நழுவும். மாத்திரை தரேன், கேட்டா நல்லது."

பழனி ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப நா விரதத்துல தப்பு பண்லிங்களா?"

"நீங்க இன்னாங்க தப்பு பண்ணீங்க?"

மலை ஏறும் பஸ்ஸில் பழனி, "கோயிலாண்ட எறங்கிக்கலாமா?" என்றார்.

ஆத்தா முன்னால் கைகூப்பி நின்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது. பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்படியே தரையில் சரிந்து தூங்கிப்போனார்.

பூசாரி வந்து பார்த்தார். "இன்னா ராஜாம்பா, உச்சிவெயில்ல சாமி எதிர்லயே படுத்துக்கினாரு?"

"உடுங்க பூசாரி. அவருக்கு இப்பதான் ராத்திரி."

முந்தானையை மடித்துப் புருஷன் தலைக்குக் கீழே கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.