அறுநூற்று முப்பத்துநான்கு படிவங்கள்

இராஜேஸ்வரி தன்னைப் பற்றிய பொய்யைத் தானே தமிழில் எழுதவேண்டி வந்தது.

கண்டி நகர நெரிசலைக் குறைக்கவென்று அமைத்த திட்ட அலுவலகம் அது. அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொறியியலாளர் திலக்ஷன். இந்த மாதிரி வேலைகளை அவர் தொடமாட்டார். ஆகவே அறிக்கையின் சுருக்கம் மொழிபெயர்ப்புக்காக இராஜேஸ்வரியின் மேசைக்கு வந்தது. நான்காம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: களப் பணியாளரின் கவனக்குறைவால் முழுமையாக நிரப்பப்படாத 634 படிவங்கள் நிராகரிக்கப்பட்டன.

பேனாவை மேசையில் போட்டாள்; அதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதவில்லை. குண்டசாலையில் நின்ற களப் பணியாளர் ஒருவர்தான். அது அவள்.

மூன்று வாரம் விடியற்காலை ஐந்தரைக்கே போய்ச் சந்தியில் நின்றிருந்தாள். கிழக்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காரையோ மோட்டார் சைக்கிளையோ குண்டசாலை மைதானத்தில் விட்டுவிட்டு, தனி பஸ்ஸில் நகரத்துக்குப் போகவேண்டும். பார்க் அன்ட் ரைட் என்ற அந்தச் சேவைக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. மழையில் படிவம் நனையாமல் தன் முதுகை நனைத்துக்கொண்டு எழுதினாள். துணிக்கடையில் வேலை செய்யும் கைரியா என்ற பெண் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, "எங்கட கடை ஏழரைக்குத்தான் பூட்டும். அதுக்குப் பொறகு பஸ் இருந்தா நாளைக்கே இத இங்க போட்டுட்டுப் போவேன், அக்கா. டவுன்ல நிப்பாட்ட இடம் தேடியே உசிர் போகுது" என்றாள். அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தாள்.

இராஜேஸ்வரி ஸ்டோர் அறைக்குப் போய், தள்ளிவைத்த கட்டுகளை அவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது: திரும்பும் நேரம் மாலை ஆறுக்குப் பிறகு. திட்டத்தில் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு.

படிவங்களோடு நேரே திலக்ஷனின் அறைக்குப் போனாள்.

"சேர், இதுல எந்தக் கட்டம் வெறுமையா இருக்கு? காட்டுங்க."

அவர் முதலில் கதவைச் சாத்தினார். "அக்கா, நீங்கள் இதைப் பெரிசா எடுக்காதேங்கோ. ஆறு மணிக்குப் பிறகு பஸ் விட ஏலாது எண்டு மேல சொல்லிட்டினம். அறிக்கை அதோட ஒத்துப்போகவேணும். அதுக்கு ஒரு வசனம் வேணும்தானே."

"அப்ப பஸ் விட விருப்பமில்லன்னே எழுதுங்க. ஏன் என் தலையில போடுறீங்க?"

"உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே."

"அங்க நின்னது நான் ஒருத்திதானே சேர்!"

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, உயர்தரப் படிப்பு முடித்து, அலுவலகச் சிங்களத்தை அம்பிட்டிய பஸ்ஸில் நின்றபடியே படித்தவள் அவள். பதினொரு வருஷம் தற்காலிக ஊழியராக இருந்து, போன தையில்தான் நிரந்தரமானாள். அந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு படிவம்கூடத் திரும்பி வந்ததில்லை. அன்றிரவு கணவன் ஜெயராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் நிரந்தரமாக்கியிருக்காங்க, பேசாம இரு" என்றான். "பேசாம இருந்ததாலதான் பதினொரு வருஷமாச்சு" என்று அவள் கத்தியதில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது.

வியாழக்கிழமை காலை திட்டத்தை விளக்கும் கூட்டம். பஸ் உரிமையாளர்கள், வியாபாரிகள், பொலிஸ் அதிகாரிகள் வந்திருந்தார்கள். இராஜேஸ்வரிக்குக் கொடுத்த வேலை, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது. பணிப்பாளர் திரையில் படம் காட்டி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டார். கேட்டது விருந்தினரைத்தான். பின்வரிசையிலிருந்து இவள் எழுந்தாள். ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த கட்டுகளை முன்மேசையில் தொப்பென்று வைத்தாள். சிங்களத்தில், நிறுத்தாமல் சொன்னாள்: "இவை நான் சரியாக நிரப்பவில்லை என்று தள்ளிவைத்தவை. யாராவது எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் இன்றே வேலையை விட்டுப் போகிறேன்."

பணிப்பாளர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நகரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் தனபாலன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டை இழுத்தார். ஒன்று, இரண்டு, பத்து என்று புரட்டினார். திரும்பும் நேரம் ஏழு நாற்பது. எட்டு. ஏழரை.

"ஏம்மா, எல்லாமே இப்படித்தானா?"

"ஒண்ணு விடாம, ஐயா."

அவர் பணிப்பாளரின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: "நாங்கள் கடை மூடுவதற்கு முன்பே உங்கள் பஸ் தூங்கப் போய்விடுமா? அப்படியானால் காலையில் யார் இதை நம்பி வாகனத்தை விட்டுவிட்டு வருவது?"

பிறகு கூட்டத்தில் யாரும் ஒழுங்காக உட்காரவில்லை. படிவங்கள் கைக்குக் கை போயின. பொலிஸ் அதிகாரியும் ஒன்றை வாங்கிப் பார்த்தார்.

அன்று பிற்பகலே அவளுக்குக் கடிதம் வந்தது: அனுமதியின்றி ஆவணங்களை வெளியே எடுத்ததற்கு விளக்கம் தருக. ஒரு மாதத்தில் கடைசி பஸ் எட்டேகாலுக்கு என்று திட்டத்தைத் திருத்தினார்கள். அதே வாரம் இராஜேஸ்வரியைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். சேவை தொடங்கியபோது, ஸ்கூட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும்தான் மைதானத்தை முதலில் நிரப்பின. கைரியாவின் ஸ்கூட்டியும் அவற்றில் ஒன்று. திறப்பு விழாவுக்கு இராஜேஸ்வரியை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தாலும் போயிருக்கமாட்டாள். ஏனென்றால் அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தது. அவள் எழுத மறுத்த தமிழையும் வெளியாள் ஒருவரைக் கொண்டு எழுதுவித்துவிட்டார்கள்.

ஒருநாள் மாடிப்படியில் திலக்ஷன் எதிர்ப்பட்டார். "அக்கா, நீங்கள் கேட்ட பஸ் வந்திட்டுது. இன்னும் என்ன கோவம்?"

"பஸ் அவங்களுக்கு வந்துச்சு, சேர். கவனக்குறைவுன்னு எழுதினது என்னைய. அத எப்ப அழிக்கப் போறீங்க?"

அவர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மணி அடித்த சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கோப்பு அறைக்குத் திரும்பி, அறிக்கையைத் திருத்தக் கோரிப் பணிப்பாளருக்கு மூன்றாவது கடிதத்தை எழுதினாள். இந்த முறை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினாள். மதிய இடைவேளையில் தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தாள்.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"கோவம்" என்றாள் இராஜேஸ்வரி. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.