என் பெயரில் போன வால்வெள்ளி

அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தவனுக்குக் கல்லடி ஊரில் என்ன வேலை? நான் வால்வெள்ளி தேடினேன். வானத்தில் அல்ல, கணினியில். சூரியனைக் கவனிக்க அனுப்பிய ஒரு விண்கலம் எடுக்கும் படங்களை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நடுவில் சூரியனை ஒரு வட்டத் தகடு மறைத்திருக்கும். சுற்றிவர வெள்ளைப் புள்ளிகள். அவற்றில் ஒன்று படத்துக்குப் படம் ஒரே சீராகச் சூரியனை நோக்கி நகர்ந்தால் அது வால்வெள்ளி. முதலில் அறிவிப்பவரின் பெயர் பட்டியலில் ஏறும்.

நாலு வருடம் பார்த்தேன். நான் கண்டு, அளந்து, கரண்ட் போய் வந்து, எழுதி அனுப்புவதற்குள் வேறு தேசத்தில் யாராவது முந்தியிருப்பார்கள். மற்றதெல்லாம் கமெராவில் துகள் பட்டு விழுந்த வெறும் புள்ளிகள். அலுத்துப் போனேன். ஆனாலும் விட மனமில்லை. சாவதற்குள் ஒருதரமாவது அந்தப் பட்டியலில் என் பெயர் வரவேண்டும் என்று அப்படியொரு ஆசை.

அதற்குள் கண்ணில் பூச்சி பறக்கத் தொடங்கியது. நகர்வது திரையில் இருக்கிறதா, என் கண்ணுக்குள் மிதக்கிறதா என்று பிடிபடவில்லை. ஒரு பின்னேரம் எரிச்சல் தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த மூலையில ஒண்டு அசையுதா, பாரு."

சுளகோடு வந்து நின்றாள். "அதில ஒண்டுமில்ல. அது உங்கட கண்."

கோபத்தில் படங்களை மளமளவென்று மாற்றினேன்.

"நில்லுங்க. மறுகா முதல் படத்துக்குப் போங்க. கீழ, இஞ்ச. இது போகுது." விரல் நுனியில் தவிடு ஒட்டியிருந்தது. "பின்னால மெல்லிசா ஒரு கோடும் கிடக்கு."

எனக்குக் கோடு தெரியவில்லை. புள்ளியே தெரியவில்லை. ஐந்து படங்களில் அவள் விரல் வைத்த இடங்களை அளந்து எழுதினேன். கண்டவர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. உண்மையான வால்வெள்ளிதான், எனக்கு முன் யாரும் அறிவிக்கவில்லை.

"அந்தப் புள்ளிக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள்.

"சூரியனுக்குக் கிட்டப் போய் ஆவியாப் போயிற்று."

"பாவம்," என்றுவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். யாருடைய பெயர் போட்டேன் என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பெயரைத் திருத்தச் சொல்லி எழுத நாலு வரி போதும். பலதரம் உட்கார்ந்திருக்கிறேன், எழுதவில்லை. படம் பார்ப்பதையும் விட்டாயிற்று. கண் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்த கையோடு அவள் தொடங்கிவிடுவாள்:

"இவர் ஒரு வால்வெள்ளி கண்டுபிடிச்சவர். அந்த நேரம் நானும் பக்கத்திலதான் நிண்டன்."