அக்கா தொட்டுப் படித்த வரைபடங்கள்

அக்காவுக்குப் பார்வை போனபோது அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது, கண் தப்பவில்லை. கொஞ்ச காலம் வீட்டில் முடங்கியிருந்தவள் ஒரு நாள், விட்ட இடத்திலிருந்து அஞ்சல் வழியில் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

“தமிழ் எடுத்துப் படிம்மா. பொருளாதாரத்துல பக்கத்துக்குப் பக்கம் கிராப்பு வருமே, என்ன செய்வ?” என்றார் பெரியப்பா.

“அதையும் படிப்பேன் பெரியப்பா.”

பாடங்களை அம்மா வாசித்துக் காட்டுவாள். வரைபடம் வந்தால் திணறுவாள். “ஒரு கோடு மேலேருந்து சரிஞ்சு வருதுடி” என்பாள். “எங்க ஆரம்பிக்குது? எம்புட்டுச் சரிவு?” என்று அக்கா கேட்டால் அம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். அம்மா ஜாக்கெட் தைப்பவள். துணியில் அளவு குறிக்கும் பல் சக்கரத்தை ஒரு நாள் காகிதத்தில் உருட்டிப் போட்டிருந்தாள். அக்கா எதேச்சையாக அதன் பின்பக்கத்தைத் தடவினாள். சிறு சிறு புள்ளிகள் மேடாக எழும்பியிருந்தன.

“இது கழுத்து வளைவுதான?” என்று கேட்டாள். அதுதான்.

நான் அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், மதுரையில் ஒரு மாடியில் இயங்கிய கணினி மையத்தில் சி மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “கம்ப்யூட்டர்ல படம் போடுவேன்னு பீத்துறீல்ல? எனக்குப் போட்டுக் கொண்டா” என்றாள் அக்கா. கையால் வரைந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வரும். அவளுக்கு எல்லாப் படத்திலும் பூஜ்யம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

மைய முதலாளியிடம் கேட்டேன். “மத்தியானம் மிஷின் சும்மாதான கெடக்கு, போடு மாப்ள” என்றார்.

முதல் படம், விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று காட்டும் தேவைக்கோடு. அச்சிட்ட தாளைக் கெட்டியான வரைதாள் மேல் வைத்து, அடியில் பழைய போர்வையை விரித்து, அம்மா சக்கரத்தை உருட்டினாள். வரைதாளைத் திருப்பி அக்காவிடம் கொடுத்தோம். விரலை ஓட்டியவள் சிரித்துவிட்டாள்.

“ஏன்டா, வெலை ஏற ஏற சனம் கூடக் கூட வாங்குமா?”

பின்பக்கத்திலிருந்து தொடுவதால் இடம் வலமாகியிருந்தது. இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் திரையின் அகலத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியின் கிடைத்தூரத்தையும் கழித்து, படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வைத்தேன்.

அடுத்த சிக்கல் கட்டங்கள். கிராப் தாளைப் போலவே நெருக்கமாகக் கட்டம் போட்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. அக்காவின் விரல் அதற்குள் நுழைந்து வெளியே வர முடியாமல் தவித்தது. “எது கட்டம், எது கோடுன்னே தெரியல. வலைய எடுத்துப் போட்டுட்டுப் படத்தக் குடு.” கட்டங்களை அடியோடு எடுத்தேன். இப்போது கோடு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அளவைக் காட்டும் சிறுகோடுகளை ஓரத்து அச்சுக்கோட்டின் உள்பக்கம் வைத்திருந்தேன். வளைவு அச்சை நெருங்கும் இடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

“விடாத. நாளைக்கு வேற மாதிரி போட்டுக் கொண்டா” என்றாள். எனக்கு அலுத்த நாட்களிலும் அவளுக்கு அலுக்கவில்லை.

சிறுகோடுகளை அச்சுக்கு வெளியே தள்ளினேன். ஒன்றுவிட்டு ஒன்றை நீட்டினேன். அச்சுகளை இரட்டைக் கோடாக்கினேன், விரல் பட்டதும் எல்லை தெரியட்டும் என்று. கட்டக்கோடு மூன்று மட்டும், அதுவும் விட்டு விட்டு. தேவைக்கோட்டின் மேல் அம்மா சக்கரத்தை அழுத்தி இரண்டு முறை ஓட்டினாள், புதிதாகச் சேர்த்த அளிப்புக்கோட்டின் மேல் ஒரு முறை. அக்கா ஒரு கையை அச்சில் வைத்து, மறுகையை வளைவில் நகர்த்தி, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் நின்றாள்.

“இங்க சமநிலை. வெலை ஆறு, அளவு நாலு.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படிப்பது ஒன்று, பரீட்சையில் வரைய வைப்பது வேறொன்று. அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பெண் பொருளாதாரம் படித்தவள் அல்ல. அதனால் அக்கா என்னை வைத்துப் பழகினாள். “நீயா எதையும் சரி பண்ணக் கூடாது. நான் சொல்றத மட்டும் போடு” என்று கண்டிப்பு. முதல் தடவை அவள் சொன்னபடி போட்டதில் வளைவு தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது. தொடக்கப்புள்ளி எங்கே, எத்தனை செண்டிமீட்டருக்கு ஒரு சிறுகோடு என்று முதலில் சொல்லாமல் விட்டதுதான் காரணம் என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு ஒரு வாக்கியத்தில் அச்சு, ஒரு வாக்கியத்தில் அளவு, அப்புறம்தான் வளைவு என்று வரிசை அமைத்துக்கொண்டாள்.

இறுதியாண்டுப் பரீட்சை முடிந்து, எழுதிய பெண்ணின் தோளைப் பிடித்தபடி வெளியே வந்தாள். முகம் சுண்டியிருந்தது. “ஒரு படத்துல அச்சுக்குப் பேரு எழுதச் சொல்ல மறந்துட்டேன்டா.”

“அண்ணே, நான் இதுவரைக்கும் இந்தப் படமெல்லாம் போட்டதே இல்ல. அக்கா சொன்னதக் கேட்டே போட்டுட்டேன்” என்றாள் அந்தப் பெண், வியப்பு மாறாமல்.

அக்கா எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள். முடிவு வந்த அன்று பெரியப்பா இனிப்போடு வந்து அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“எம்.ஏ.வுல ஒரே படத்துல நாலு வளைவு வருதாம். நாலும் விரலுக்கு வேற வேறயாத் தெரியணும். என்ன செய்யலாம், யோசி.”

யோசிக்கத் தொடங்கினேன்.