அலுமாரிக்கு மேலிருந்த வயலின்

“...நாளைக்கு அவள் வந்து, ‘அம்மா, என்ர வயலின் எங்க?’ எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? நீயே சொல்லு தம்பி.” லண்டன் டூட்டிங்கில் இருந்த தன் வீட்டின் முன்னறையில் என் ஒன்றுவிட்ட அக்கா இப்படிக் கேட்டபோது, வயலின் பெட்டியின் கைப்பிடி அவள் கையிலும் அடிப்பாகம் என்னோடு வந்த சிஸ்டரின் கையிலும் இருந்தன. மொழிபெயர்க்கப் போன எனக்கு வேலை வரவில்லை. சிஸ்டருக்கு விளங்கிவிட்டது. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் போர்ட்டராக இருந்த மருத்துவமனையில் அவர் வார்ட் சிஸ்டர், தலைமைத் தாதி. தென்னாபிரிக்கர். வெள்ளையர் ஆட்சி கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த டவுன்ஷிப் ஒன்றில், ஜோஹன்னஸ்பேர்க் பக்கம் பிறந்தவர். நம் தமிழ் நோயாளிகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னைத் தம்பி ஆக்கிக்கொண்டார். ஊரில் அவருடைய சகோதரர் தேவாலய மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி நடத்தினார். வயலின்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். முறை வரும்வரை மற்றவர்கள் ஒரு மரச்சட்டத்தைத் தோளில் வைத்து விரல் பழகுவார்களாம். “பாதி வகுப்பில் சத்தமே இராது தம்பி, ஆனால் எல்லாருக்கும் வியர்த்திருக்கும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போகுமுன் கப்பலில் ஒரு பெட்டி நிறைய வாத்தியங்கள் அனுப்ப வேண்டுமென்பது அவர் ஆசை. எங்கள் வீடுகளில் கேட்டுப் பார்ப்போம் என்றேன். லண்டன் தமிழ்ப் பிள்ளையின் வயலின் அரங்கேற்றத்தோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பிறகு சரஸ்வதி பூசைக்கு மட்டும் இறங்கும். சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிடும். சனிக்கிழமைகளில் என் வான் வண்டியில் வீடு வீடாகப் போனோம். பிளேஸ்டோவில் ஒருவர் வாசலிலேயே நீட்டினார்: “என்ர பெடியன் வாசிச்சதைக் கேட்டிருந்தா நீங்கள் இதை வாங்கவே மாட்டியள்.” நோர்பரியில் ஒரு மாமி, “கொண்டு போங்கோ, தூசு தட்டுற வேலை மிச்சம்” என்றார்.

அக்கா தானாகவே போன் பண்ணி, “வந்து எடு” என்று சொன்னவள். அவளுடைய ஒரே மகள் இங்கிலாந்தின் வடக்கே படிக்கப் போய் அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள். வருகை குறைந்தது, பிறகு பேச்சும் குறைந்தது. வயலின் வீட்டில் இருக்கும்வரை மகள் வந்து வாசிப்பாள் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா நாளைத் தள்ளினாள். நாங்கள் போன அன்று அவள் பெட்டியைத் திறந்தபோது, வயலினில் பொட்டின் மேல் பொட்டாகக் குங்குமம் தடித்திருந்தது. “இதற்கு இன்று பிறந்தநாளா?” என்றார் சிஸ்டர். விளக்கினேன். “நல்லதுதான் தம்பி. ஆனால் வாசிக்காவிட்டால் இறுகிவிடும், நம் வார்ட்டில் எழும்பாமல் படுத்தே கிடக்கிறவர்களைப் போல” என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். “உனக்கென்ன, உன்ர சாமானே குடுக்கிறாய்?” என்று அக்கா என்மேல் பாய்ந்தாள். பாய்ந்தவள் பெட்டியை மூடி, தூக்கிச் சிஸ்டரிடம் நீட்டவும் செய்தாள். கைப்பிடியைத்தான் விட ஏலவில்லை.

சிஸ்டரின் பெட்டி அந்த வயலின் இல்லாமலேயே கப்பலேறியது. சில வருடங்கள் கழித்து மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அக்கா ஆசையாக வயலினை இறக்கிக் கொடுத்தாள். தூக்கியதும் கழுத்துப் பகுதி தனியே கழன்று மகளின் கையோடு வந்தது. அந்த அலுமாரி நின்றது ஹீட்டருக்குப் பக்கத்தில்; சூட்டில் பசை காய்ந்து விட்டுப்போயிருந்தது. “ஐயோ அம்மா, இதை இன்னுமா வைச்சிருக்கிறீங்க? ஆருக்காவது குடுத்திருக்கலாமே” என்றாளாம் மகள், ஆங்கிலத்தில். “ஹீட்டர்தான் தம்பி, எல்லாம் அந்த ஹீட்டர்தான்” என்று அக்கா இன்றும் சொல்கிறாள். பூசைக்கு இப்போது பெட்டியைத் திறப்பதில்லை. மூடியின் மேலேயே பொட்டு வைக்கிறாள்.

அந்த வீட்டிலிருந்து அன்று சிஸ்டரோடு போனது ஒரேயொரு சின்னப் பொருள். அது டவுன்ஷிப்பில் அத்தனை பிள்ளைகளின் கையிலும் புழங்கித் தேய்ந்து தீர்ந்துபோயிற்று என்று சிஸ்டர் பிறகு தொலைபேசியில் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். “எல்லாப் பிள்ளையளுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

சிஸ்டர் கையை எடுத்த அந்தக் கணத்துக்கே என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. என் பதிலுக்கு அக்கா காத்திருக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்து மறுபடி திறந்தாள். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியைத் தேடி எடுத்தாள். அதன் நடுவில், மகளின் வில் தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளம். பெருவிரலால் அதைத் தடவினாள். பிறகு ஒரு டிஷ்யூவில் சுற்றிச் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கி மூடினாள்.