மூக்கும் மீசையும் நான் வைத்தவை

2006-ம் வருடம், மாசி மாதம். மலையடிவாரத்தில் நான் கேமரா கடை திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு விவசாயி ஒருவர், மிளகு காயவைக்கும் களத்துக்குக் கண்காணிப்புக் கேமரா கேட்டார். மாட்டிக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "கேட்டுல ஒரு ஈ உக்காந்தாலும் தெரியுமுங்க" என்று அளந்துவிட்டேன்.

இரண்டே வாரத்தில் ஒரு மூட்டை மிளகு காணாமல் போனது. காலைப் பனிமூட்டத்தில், தலையில் துண்டும் உடம்பில் போர்வையுமாக ஓர் ஆள் மூட்டையோடு கேட்டைத் தாண்டுவது பதிவில் இருந்தது. முகம் தெரியவில்லை. பெரிதாக்கித் தருகிறேன் என்று பதிவை சி.டி.யில் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவர் தன் மச்சினனின் போட்டோவை என் பையில் வைத்து, ஒத்துப் பார்க்கச் சொன்னார். மச்சினன் பக்கத்துத் தோட்டக்காரர். வேலித் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஈ கதை சொன்னவனுக்கு அது கௌரவக் குறைச்சல். சதுரங்களை மழுக்கினேன், இருட்டைக் கூட்டினேன், குறைத்தேன். அந்தப் போட்டோ திரைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நின்றது. கடைசியில் ஒரு முகம் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறிப் படத்தைக் கொடுத்தேன். பார்த்ததுமே, அவனேதான் என்றார். அன்று மதியம் சுற்று ஊர்ப் பெரியவர்கள் கூடும் நாட்டுக் கூட்டமாம். அதில் இந்தப் படத்தை வைக்கப் போகிறாராம். கூட்டம் ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். அவர் மனைவி கதவோரம் நின்று, "என் தம்பி எடுத்திருக்க மாட்டானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். திருட்டுப் பதிவை அந்த அம்மா அதுவரை பார்க்கவே மறுத்திருந்தார்.

அந்த முகத்துக்குக் கேமரா கொடுத்தது பத்துப் பன்னிரண்டு சதுரங்கள்தான். மூக்கும் மீசையும் நான் வைத்தவை. பக்கத்திலிருந்த போட்டோவைப் பார்த்து, என்னை அறியாமலே வைத்தவை.

வெட்கத்தை விட்டு அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, மச்சினனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார். நல்லவேளை, வெளியே பனி இன்னும் விலகவில்லை. "அண்ணா, நீங்களே துண்டும் போர்வையும் போட்டு, ஒரு மூட்டையோட கேட்டு வரைக்கும் போயிட்டு வாங்க" என்று கெஞ்சினேன். முறைத்துக்கொண்டே போய் வந்தார். சமையலறையில் இருந்த அவர் மனைவிக்கு இது தெரியாது.

அவர் போய் வந்த அந்தப் புதுப் பதிவை டிவியில் ஓடவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இது யார் என்று மட்டும் கேட்டேன். திரைக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் தம்பிதானுங்க" என்றார். "அவன் நடைதான்."

அவர் அழுவதைப் பார்த்து விவசாயி பக்கத்தில் போனார். பிறகு தாழ்ந்த குரலில், "அழுவாத கண்ணு. அதுல போறது நான்" என்றார்.

நான் கொண்டுவந்த படத்தை அவரே அடுப்பில் போட்டார். கூட்டத்தில் மிளகு போனதை மட்டும் சொன்னாராம். யார் பெயரையும் எடுக்கவில்லையாம். மூட்டையைத் தூக்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. என்னை அவர் திட்டக்கூட இல்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "இனி அந்த ஈ கதைய யாருகிட்டயும் சொல்லாதீங்க பாய்" என்றார்.

சொல்வதில்லை. யாராவது முகத்தைப் பெரிதாக்கச் சொன்னால், உடைந்த சதுரங்களை அப்படியே காட்டி, கேமராவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்கிறேன். சந்தேகப்படுகிற ஆளின் போட்டோவைக் கையில்கூட வாங்குவதில்லை. 'தெரியவில்லை' என்று சொல்ல நான் கூசியதால், ஓர் அக்கா தன் புருஷனையே பார்த்துக்கொண்டு தம்பியைத் திருடன் என்று நம்பி அழுதாரே, அந்த ஒரு நிமிடம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.