கிளாட்வின் மாஸ்டரும் மெதுவான பாட்டும்

திரேஸ்புரம் கிளாட்வினுக்குச் சாக்ஸபோன் என்றால் ஊரைக் கூட்டுகிற சாமான். கல்யாணமோ சாவோ, பேண்டு செட்டின் முன்வரிசையில் நின்று அவன் ஊதினால் நாலு தெரு தள்ளித் தூங்குகிற பிள்ளை அலறும். அப்பேர்ப்பட்ட ஆளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரு கிராமபோன் ரெக்கார்டு கெடுத்துவிட்டது.

துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் இன்ஜினியர் ஒருவர், நல்ல இறால் வாங்கித் தந்ததற்காக அதைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரேசில்காரன் ஒருவன் கிட்டாரோடு முணுமுணுக்கிறான். அமெரிக்காக்காரன் சாக்ஸபோன் ஊதுகிறானா, பெருமூச்சு விடுகிறானா, தெரியவில்லை. நடுவில் காற்றுப்போல ஒரு பெண்குரல். அவள் பாட்டுக்காரனின் மனைவி, அதற்குமுன் பெரிதாகப் பாடியவள் இல்லை என்றும் இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அந்த அமெரிக்காக்காரனைப் போல மெதுவாக ஊதத் தொடங்கி, கிளாட்வின் தனக்குத்தானே மாஸ்டராகிவிட்டான். ஒரு சாவு வீட்டில் மெதுவாக ஊதப்போய், சாப்பிடாமல் வந்தாயா என்று செத்தவரின் மகன் கேட்டுவிட்டான். ஊருக்கு ரசனை கிடையாது என்று மாஸ்டர் முடிவுகட்டினான்.

அப்போதுதான் மில்லர்புரத்து உப்பு முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு வந்தது. அங்கே பெயர் வாங்கினால் ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும்; அவன் உயிரே அதில்தான் இருந்தது. ரெக்கார்டில் உள்ளபடி செய்ய ஒரு மனைவி வேண்டுமே? மெட்டில்டா இருந்தாள். காலையெல்லாம் தெருத்தெருவாக மீன் கூவி விற்பவளுக்குச் சாயங்காலம் தொண்டை கம்மி, வெறும் காற்றுத்தான் வரும்.

"ஏளா, பிள்ளைக்குப் பாடுவியே, அதப் பாடு. நீ சும்மா ஒப்புக்குத்தான். ஆளுக கேக்கப்போறது என் வாசிப்பத்தான்" என்றான்.

வரவேற்பில் அவள் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துத் தாலாட்டைப் பாடினாள். பிரியாணியில் வைத்த கை அப்படியே நிற்க, கூடமே அடங்கிப்போனது. முதலாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளாட்வினுக்கு வயிறு எரிந்தது. மெதுவாவது மண்ணாங்கட்டியாவது! இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு பிளிறு பிளிறினான். முதலாளியே மேடையேறி வந்து, அவன் வாயிலிருந்து சாக்ஸபோனை இறக்கிவிட்டு, "நீ பாடும்மா" என்றார்.

மறுவாரம் இன்னொரு கல்யாண வீட்டார் தேடி வந்தார்கள். கிளாட்வின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து, எல்லாம் தான் பழக்கியது, தன் பாணி என்று அளந்தான். வந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீன் கழுவிக்கொண்டிருந்த மெட்டில்டாவிடம், இவரும் வந்துதான் ஆகவேண்டுமா என்று விசாரித்தார்.

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரட்டும் அண்ணாச்சி. மைக் பெட்டியத் தூக்க ஆளு வேணும்லா."