துமா என்றால் மேலானவள்

ரூமோண்டாங் என்ற பெயரை அவளுடைய தாய்வீட்டார் ஆசை ஆசையாக வைத்தார்கள். நிலவு ஏரியின்மேல் பளீரென்று விழுவதைச் சொல்லும் சொல் அது. ஆனால் ஏரி நடுவிலுள்ள சமோசிர் தீவில் ஜோங்கிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுவருடமே அந்தப் பெயர் அவளைவிட்டுப் போய்விட்டது. பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது படாக் குடிகளில் மரியாதைக் குறைவு. தலைப்பிள்ளையின் பெயர்தான் தாய் தகப்பனுக்கும், தாத்தா பாட்டிக்கும் பெயராகிவிடும்.

குழந்தைக்கு லஸ்மா என்று பெயர் தேர்ந்தெடுத்தவன் ஜோங்கி. மகிழ்ச்சியாயிரு என்று பொருள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மனைவி தாய்வீடு இருந்த அக்கரையையே பார்த்துக்கொண்டு கண்கலங்கி நின்றதை அவன் கவனித்திருந்தான். வாயால் சொல்லத் தெரியாததை மகளின் பெயராக வைத்தான். தாய்வீட்டார் கெண்டை மீன் சமைத்துப் படகில் கொண்டுவந்து, வாழ்த்தாக அவளுக்கு ஊட்டினார்கள். அன்றுமுதல் அவள் லஸ்மா அம்மா, அவன் லஸ்மா அப்பா, மாமியார் லஸ்மா பாட்டி. வெங்காயப் பாத்தியில் குனிந்திருக்கும்போது யாராவது தூரத்திலிருந்து “லஸ்மா அம்மா” என்று குரல் கொடுத்தால் அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். சொந்தப் பெயர் போனதற்காக அவள் ஒருநாளும் வருந்தவில்லை.

லஸ்மாவுக்கு இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆனபோது கரையோர ஊர்களில் தட்டம்மை பரவியது. மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரி இருந்த அக்கரைக்குச் செல்லும் விசைப்படகு சந்தை நாளில்தான் வரும். ஜோங்கி துடுப்புப் படகை இரவல் வாங்கினான். பாதி ஏரி தாண்டியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. கரை தொடுவதற்கு முன்பே குழந்தையின் உடம்பு தளர்ந்ததை ரூமோண்டாங் மடியில் உணர்ந்தாள். ஆனால் கணவனிடம் சொல்லவில்லை. அவன் கை கிழியத் துடுப்பு வலித்துக்கொண்டேயிருந்தான்.

பேரப்பிள்ளைகள் கண்டு கண்மூடுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் நாள்கணக்கில் மேளம் முழங்கும். சின்னக் குழந்தைக்கு ஒரு ஜெபமும் ஒரு சின்னப் பெட்டியும்தான். காலையில் தொடங்கிய காரியம் மதியத்துக்குள் முடிந்தது. ஜோங்கி அதற்குப் பிறகு லஸ்மாவைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. மாமியாரும் பேசவில்லை. படம் எடுத்து வைக்கிற வழக்கம் அந்த ஊரில் அப்போது இல்லை. குழந்தையின் துணிகளைக்கூட யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

மிஞ்சியது பெயர் மட்டும்தான். வேறு பிள்ளை இல்லாததால் ஊர் அவளைத் தொடர்ந்து லஸ்மா அம்மா என்றுதான் அழைத்தது. வெங்காயம் என்ன விலை, லஸ்மா அம்மா? நாளைக்குப் படகு உண்டா, லஸ்மா அம்மா? யார் கூப்பிட்டாலும் அவள் வேலையை நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பிப் பதில் சொல்வாள். நாளில் பத்து முறையாவது அந்தப் பெயரை யாரோ உரக்கச் சொல்கிறார்கள் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

நான்கு வருடம் கழித்து இன்னொரு பெண் பிறந்தாள். இம்முறை பெயரை மாமியார் முடிவு செய்தாள். துமா. முன்னதைவிட மேல் என்று பொருள். குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மாமியார் அந்தப் பெயரைச் சொன்னபோது கூடியிருந்தவர்கள் நல்ல பெயர், பொருத்தமான பெயர் என்றார்கள். தலைப்பிள்ளை சின்ன வயதில் போய்விட்டால் அடுத்த பிள்ளையின் பெயருக்குப் பெற்றோர் மாறிக்கொள்வதும் வழக்கம்தான். யாரும் தவறாக ஒன்றும் செய்துவிடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ரூமோண்டாங் மாமியாரிடம் கேட்டாள்.

“யாரைவிட மேல், அத்தை?”

“பேரு அப்படி. எல்லாரும் வைக்கிறதுதான்.”

“யாரைவிடன்னு கேட்டேன்.”

மாமியார் குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு, “உனக்கு மட்டுந்தான் அவ பிள்ளையா?” என்றாள். “சந்தைக்குப் போனா எல்லாரும் லஸ்மா பாட்டி, லஸ்மா பாட்டிங்கிறாளுவ. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிய மறுபடி குழியில இறக்கற மாதிரி இருக்கு எனக்கு. நாலு வருசம் தாங்கிட்டேன். இனிமே முடியாது.”

“அந்தப் பேரைக் கேட்டாத்தான் எனக்கு மூச்சே விட முடியுது.”

மாமியார் எழுந்து போய்ப் பன்றிக்குத் தீவனம் வைத்தாள்.

ஊர் ஒரே வாரத்தில் பெயரை மாற்றிக்கொண்டது. புதன்கிழமைச் சந்தையில் அடுத்த கடை போடும் ரிரிஸ் அம்மா, “துமா அம்மா” என்று மூன்று முறை கூப்பிட்டும் ரூமோண்டாங் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் உண்மையிலேயே அவள் காதில் விழவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது தோன்றவில்லை. “காதுக்குள்ள வெங்காயம் முளைச்சிருக்கா உனக்கு?” என்று ரிரிஸ் அம்மா தோளைத் தட்டினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதம், இரண்டு மாதம் போனபின் அது காது கேளாமை அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காதில் விழுந்தும் அவள் திரும்பவில்லை. திரும்பினால் ஒருத்தி அடியோடு இல்லாமல் போய்விடுவாள் என்று பயந்தாள்.

துமாவை அவள் குறைவாக வளர்த்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மீனில் முள் பார்த்துக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் இரண்டு நாளானாலும் கண்மூடாமல் பக்கத்தில் இருந்தாள். ஆனால் நாலுபேர் நடுவில் துமா அம்மா என்று குரல் கேட்கும்போது, தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சின்னப் பெண்தான் திரும்பிப் பார்ப்பாள். பிறகு தாயை அண்ணாந்து பார்ப்பாள். தாயின் முதுகு அசையாது.

துமாவின் எட்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பெயர்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ரிரிஸ் என்றால் வரிசை கலையாதவள், துமா என்றால் மேலானவள். வீடு திரும்பும் வழியில் ரிரிஸ் தன் அம்மாவிடம் கேட்டிருந்த கதையைத் தோழிக்குச் சொல்லிவிட்டாள். தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே துமாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரூமோண்டாங் வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு கட்டு முடியும்வரை காத்திருந்தாள்.

“அம்மா, நான் லஸ்மா அக்காவைவிட மேலானவளா?”

எத்தனையோ வருடமாக அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லாத பெயர் அது. அது அந்தக் குழந்தையின் வாயிலிருந்து, இப்படி ஒரு கேள்வியாக வந்ததும் ரூமோண்டாங் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள்.

“இல்ல,” என்றாள்.

எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளையைவிடவும் மேல் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். துமா தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபப்படவில்லை. ஒரு கற்றையை எடுத்துத் தானும் கட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று ரூமோண்டாங் எண்ணினாள். மாலையில் சொல்லலாம் என்று எண்ணினாள். அப்படியே வருடங்கள் போயின.

துமா அடம் தெரியாத பெண்ணாக வளர்ந்தாள். கேட்காமலே தண்ணீர் தூக்கினாள், பாட்டி படுக்கையில் விழுந்தபோது கூச்சப்படாமல் கழுவித் துடைத்தாள். மாமியார் இறந்ததும், பத்தொன்பது வயதில், கடல் தாண்டிப் பாத்தாம் தீவில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை என்று கிளம்பிவிட்டாள். போகாதே என்று ஜோங்கி சொல்லிப் பார்த்தான். ரூமோண்டாங் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். துமா அங்கேயே கூட வேலை பார்த்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். உறவு கூட்டிச் செய்யவேண்டிய சடங்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்தப் பிறகு வரவேயில்லை.

அவளுக்குப் பெண் பிறந்த செய்தி ரிரிஸின் தொலைபேசிக்கு வந்தது. பெயர் கெய்ஷா. ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஜோங்கி தொலைபேசியை வாங்கி, அதற்கு என்ன அர்த்தம் மகளே என்று கேட்டான்.

“ஒன்னும் இல்லப்பா. நல்லா ஒலிக்குது. அர்த்தம் இல்லாத பேராப் பாத்துத்தான் வெச்சேன்.”

ரூமோண்டாங் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டாள். ஊர் அவளை இனிமேல் கெய்ஷா பாட்டி என்றுதான் அழைக்கும். பேரப்பிள்ளை வந்தபிறகு பிள்ளையின் பெயரால் அழைப்பது குறைத்துப் பேசுவதாகும். இருபத்தைந்து வருடம் ஊர் அவளுக்குக் கொடுத்த பெயருக்கு அவள் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. இனி அதை யாரும் சொல்லப்போவதுமில்லை. அடுத்த புதன்கிழமை சந்தையில், தன்னைத் துமா அம்மா என்று கூப்பிடும்படி ரிரிஸ் அம்மாவிடம் கேட்டாள்.

ரிரிஸ் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “தொண்டை வத்தக் கூப்பிட்டேனே, அப்பல்லாம் எங்க போன நீ? இப்ப நான் அப்படிக் கூப்பிட்டா எனக்கு முறை தெரியலைன்னு என்னைத்தான் சிரிப்பாங்க.” சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோங்கி இறந்தபோது துமாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு மகளை அழைத்துக்கொண்டு நான்கு நாள் வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. கெய்ஷா ஏரியில் இறங்க மறுத்தாள், கோழியைத் துரத்தினாள். துமா ஓட்டை விழுந்த கூரையை ஆள்வைத்து மாற்றினாள். கடைசி நாள் காலையில் மஞ்சளும் இஞ்சிப்பூவும் போட்டுக் கெண்டை மீன் வெந்துகொண்டிருந்தபோது ரூமோண்டாங் பேச்சை எடுத்தாள்.

“உனக்கு எட்டு வயசு இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்துலேருந்து வந்து என்கிட்ட ஒன்னு கேட்ட. நான் அன்னைக்குச் சொன்னது…”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

அவள் அடுப்பைப் பார்த்தபடி, கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். ஞாபகம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. ரூமோண்டாங் மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தாள். துமா மெல்ல, “மீன் அடிப்பிடிக்குதும்மா,” என்றாள். அம்மா சட்டியை இறக்கினாள். மூவரும் சாப்பிட்டார்கள். பத்து மணிப் படகு வந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் ரூமோண்டாங் மகளைத் தொலைபேசியில் அழைத்துப் பத்து நிமிடம் பேசுகிறாள். மழை, வெங்காயம், கெய்ஷாவின் பள்ளிக்கூடம். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அழைப்பு கிடைத்ததும், “துமா அம்மா பேசறேன்,” என்று தொடங்குவாள்.

“தெரியுதும்மா,” என்பாள் துமா. “சொல்லுங்க.”